பூட்டிய காருக்குள் பிஞ்சு உயிர்கள்!

துவாரபூடி என்ற ஊரின் பெயரை நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆந்திர மாநிலத்திலே, விஜயநகரம் மாவட்டத்திலே உள்ள சிற்றூர் அது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோடை விடுமுறை. ஆறு வயதுக்கும் எட்டு வயதுக்கும் உட்பட்ட நான்கு குழந்தைகள் விளையாடப் புறப்பட்டனர். ஊருக்குள்ளே நின்றிருந்த காரொன்று பூட்டப்படாமல் இருந்தது. ஏறினர். கதவு மூடிக்கொண்டது. பெற்றோர் ஊரெல்லாம் தேடினர். கடைசியிலே காருக்குள் பார்த்தபோது நால்வரும் பிணமாகக் கிடந்தனர்.

அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஏப்ரல் 14ஆம் நாள், தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்துத் தாமரகித்தா என்ற சிற்றூரில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த இரண்டு சிறுமிகள் இதே விதமாக மாண்டனர். அது அடுத்த மாநிலத்துச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. 2022 செப்டம்பர் 3ஆம் நாள் நம் நெல்லை மாவட்டத்திலே, பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், வீட்டருகே நின்ற காருக்குள் ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர வழியின்றி உயிர் துறந்தனர். மூத்ததற்கு வயது ஏழு. மற்ற இரண்டும் அதைவிடச் சிறியவை.

இன்னொன்றும் உண்டு. 2024 மே மாதத்தில் ராஜஸ்தானின் கோட்டா மாவட்டத்திலே கல்யாணத்துக்குப் போன குடும்பம் ஒன்று. தந்தை காரை நிறுத்தப் போனார். குழந்தை தாயோடு இறங்கிவிட்டதென்று தந்தை நினைத்தார். தந்தையோடு வருகிறதென்று தாய் நினைத்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை காருக்குள்ளேயே இருந்தது. தேடத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

இந்தச் செய்திகள் பத்திரிகையிலே எப்படி வந்தன? 'பரிதாபம்', 'சோகம்' என்ற தலைப்பிலே ஒரு நாள் வந்தன. மறுநாள் மறைந்தன. விதி என்றார்கள் சிலர். பெற்றவளுக்குப் பொறுப்பில்லை என்றார்கள் பலர். விதியின் மீதும் தாயின் மீதும் பழியைப் போட்டுவிட்டால் வேறு எவரும் எதுவும் செய்யவேண்டியதில்லை அல்லவா? அந்த வசதிக்காகத்தான் அப்படிப் பேசுகிறார்கள். இவை தடுக்கக்கூடிய சாவுகள் என்கிறோம் நாம். தடுக்கும் வழியும் தெரிந்ததே. தெரிந்த வழியைச் செய்யவேண்டியவர்கள் செய்யவில்லை என்பதே நம் வழக்கு.

நமக்கென்ன என்பவர்களுக்கு

"கார் வைத்திருப்பவன் கவலை அது, பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு போகும் நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்கலாம். மேலே சொன்ன நான்கு நிகழ்ச்சிகளையும் திரும்பப் பாருங்கள். நான்கில் மூன்று, காரிலே அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகளின் கதை அல்ல. தெருவிலே விளையாடிய குழந்தைகளின் கதை. கார் யாருடையதாகவும் இருக்கட்டும். அது நிற்பது நம் தெருவிலே. விளையாட இடமின்றி அதிலே ஏறுவது நம் பிள்ளை.

மேலும், இந்த வழக்கிலே நம் வட்டாரத்துக்குத் தனி உரிமையும் தனிக் கடமையும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் நிறுவனம் 1996இல் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998 செப்டம்பரில் 'சான்ட்ரோ' என்ற முதல் கார் விற்பனைக்கு வந்தது. இன்று அங்கே இரண்டு ஆலைகள். ஆண்டுக்கு 8 லட்சத்து 24 ஆயிரம் கார்கள் செய்யும் திறன். உள்நாட்டுக்கும் போகின்றன, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகின்றன. ஒரகடத்திலே 2010இல் இன்னொரு கார் ஆலை திறந்தார்கள். அவற்றைச் சுற்றி இருக்கை தைப்பவர், கண்ணாடி வார்ப்பவர், பூட்டும் கைப்பிடியும் செய்பவர், வயரிங் கட்டுபவர் என எத்தனை ஆயிரம் கைகள்! நாடு முழுவதும் ஓடும் கார்களில் ஒரு பெரும்பகுதி நம்மவர் கைபட்டுப் போனது. அதன் கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும், எப்போது திறக்காது என்பதை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

சொல்லத்தான் வேண்டும். பின் கதவின் ஓரத்திலே சிறிய விசை ஒன்று இருக்கிறது. 'சைல்டு லாக்' என்று பெயர். ஓடும் காரிலிருந்து குழந்தை கதவைத் திறந்துவிடாமல் இருப்பதற்காக வைத்தது. அதைப் போட்டுவிட்டால், உள்ளிருந்து எத்தனை முறை இழுத்தாலும் பின் கதவு திறக்காது. வெளியிலிருந்து ஒருவர் திறந்துவிட வேண்டும். குழந்தையைக் காப்பதற்கென்று வைத்த அதே விசை, குழந்தை தனியாக ஏறிக்கொண்டால் சிறைக்கதவாகிவிடுகிறது. முன் இருக்கைக்குத் தாவினால் அங்குள்ள கதவு திறக்கும். ஆனால் பதறி அழும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கொல்வது வெப்பம்

'மூச்சுத்திணறி இறந்தனர்' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். இதனால் ஒரு தவறான நம்பிக்கை பரவுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும், காற்று வரும், ஆபத்தில்லை என்று எண்ணுகிறார்கள். உண்மை வேறு. காருக்குள் இருக்கும் காற்று தீர்வதற்கு நெடுநேரம் முன்பே வெப்பம் தன் வேலையை முடித்துவிடுகிறது.

கண்ணாடி வழியே வெயில் உள்ளே புகுகிறது. இருக்கையையும் முன்பலகையையும் சுடவைக்கிறது. அந்தச் சூடு உள்ளிருக்கும் காற்றுக்கு ஏறுகிறது. ஏறிய சூடு வெளியே போக வழியில்லை. 2005இல் அமெரிக்காவில் மெக்லாரன், நல், குவின் ஆகிய மூவர் இதை அளந்து வெளியிட்டார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே காருக்குள் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 22 டிகிரி கூடுகிறது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள் நடந்துவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பார்த்தார்கள். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

நம் ஊர்க் கணக்கிலே இதைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையிலே கத்திரி வெயில் காலத்தில் 35 டிகிரி என்பது காலை நேரத்து வெயில். அப்போது நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 57 டிகிரி. பெரியவரைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு. 42ஐ நெருங்கினால் உயிர் தப்புவது அரிது. 'ஐந்து நிமிடந்தானே, கடைக்குப் போய் வந்துவிடுகிறேன்' என்று தூங்கும் குழந்தையைக் காரிலோ ஆட்டோ வேனிலோ விட்டுச் செல்லும் பழக்கம் எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். கடையிலே கூட்டம் இருந்தால் ஐந்து நிமிடம் இருபதாகிறது.

மறப்பது கல்நெஞ்சமா?

குழந்தை தானாக ஏறிக்கொள்வது ஒரு வழி. பெற்றவரே மறந்துவிடுவது இன்னொரு வழி. முதலாவதைக் கேட்டால் இரக்கப்படுகிறவர்கள், இரண்டாவதைக் கேட்டால் சீறுகிறார்கள். 'பெற்ற பிள்ளையை மறப்பாளா ஒருத்தி?' என்கிறார்கள்.

அமெரிக்காவிலே 1998 முதல் இதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். அவர்களில் பாதிக்கு மேல் மறந்து விடப்பட்டவர்கள். கால் பங்கு தானாக ஏறிக்கொண்டவர்கள். மறந்தவர்கள் யார்? ஆசிரியர், செவிலியர், படைவீரர், தொழிலாளி என எல்லாத் தரத்தினரும். பிள்ளைமீது உயிரையே வைத்திருந்தவர்கள்.

தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மூளையியல் ஆய்வாளர் டேவிட் டயமண்ட் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது. மனிதருக்குள் இரண்டு நினைவுகள் வேலை செய்கின்றன. ஒன்று பழக்கத்தின் நினைவு. நாள்தோறும் செய்வதை யோசிக்காமல் செய்விப்பது. மற்றொன்று, இனிமேல் செய்யவேண்டியதை நினைவூட்டுவது. தூக்கமின்மையும் கவலையும் சேர்ந்தால் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடும்.

இதை நமக்கு அமெரிக்கப் பேராசிரியர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலே இறங்கிய தோழனைக் கேளுங்கள். வீடு வரைக்கும் நடந்தது நினைவிருக்காது. வழியிலே பால் வாங்கிவரச் சொன்னாள் மனைவி. வாசலுக்கு வந்தபிறகுதான் நினைவு வரும். பாலை மறந்தவனுக்குத் திட்டு கிடைக்கிறது. அதே களைப்போடு, அதே காலையிலே, வழக்கமாகத் தாய் கொண்டுவிடும் குழந்தையை ஒரு நாள் தந்தை கொண்டுவிட வேண்டியதாகிறது. குழந்தை பின் இருக்கையிலே தூங்கிவிட்டது, சத்தமில்லை. கார் வழக்கமான பாதையிலே வழக்கமான இடத்துக்குப் போய் நிற்கிறது. பால் விஷயத்திலே நடந்த அதே மறதிதான் இங்கும் நடக்கிறது. விளைவுதான் வேறு.

1990களில் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்கக் கார்களிலே முன்பக்கம் காற்றுப்பை வந்தது. விபத்திலே அது விரியும் வேகத்தில் முன் இருக்கைக் குழந்தைகள் இறந்தனர். ஆகவே குழந்தையைப் பின் இருக்கைக்கு மாற்றச் சொன்னார்கள். சரியான முடிவுதான், காற்றுப்பையால் இறப்பது குறைந்தது. ஆனால் குழந்தை ஓட்டுபவர் கண்ணிலிருந்து மறைந்தது, மறந்துபோவது கூடியது. ஓர் ஆபத்தைத் தீர்த்த பொறியியல் இன்னோர் ஆபத்தைக் கொண்டுவந்தது என்றால், அதையும் தீர்க்கும் பொறுப்பு பொறியியலுக்கும், அதை விற்பவருக்கும், அதை அனுமதிக்கும் அரசுக்கும் உண்டு. தாயின் தலையிலே மட்டும் கட்டுவது என்ன நியாயம்?

பிற நாடுகள் என்ன செய்தன?

1998 கோடையிலே அமெரிக்காவில் மூன்று வாரத்துக்குள் பதினொரு குழந்தைகள் கார் டிக்கிக்குள் அடைபட்டு இறந்தனர். விளையாட ஏறியவர்கள்தாம், துவாரபூடியைப் போல, பணகுடியைப் போல. அங்கே என்ன செய்தார்கள்? 2001 செப்டம்பர் முதல் விற்கும் ஒவ்வொரு காரின் டிக்கிக்குள்ளும், உள்ளிருந்தே திறக்கும் கைப்பிடி இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். இருட்டிலே ஒளிரும் சிறு பிடி. அதற்கு ஆகும் செலவு அற்பம். 

ஹூண்டாயின் தாயகமான தென் கொரியாவுக்கு வருவோம். 2018 ஜூலையில் தோங்டுசோன் நகரிலே, காப்பக வண்டிக்குள் மறந்து விடப்பட்ட நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வண்டிகளில் ஒரு கருவி கட்டாயமானது. என்ன கருவி? வண்டியின் கடைசியிலே ஒரு பொத்தான். வண்டியை நிறுத்திய ஓட்டுநர் எழுந்து, கடைசி இருக்கை வரை நடந்து, அதை அழுத்தவேண்டும். குறித்த நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் வண்டி அலறும். நடந்து போகும் வழியிலே ஒவ்வோர் இருக்கையையும் அவர் பார்த்துவிடுவார். அவ்வளவுதான் அதன் தந்திரம்.

ஜப்பானிலே 2022 செப்டம்பரில் மகினோஹாரா நகரில் மழலையர் பள்ளி பஸ்ஸில் மூன்று வயதுக் குழந்தை மாண்டது. 2023 ஏப்ரல் முதல் அங்கேயும் பஸ் கருவி கட்டாயம். இத்தாலியில் 2018இல் சட்டம் இயற்றி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றுபவர் எச்சரிக்கும் கருவி வைத்தே தீரவேண்டும் என்றார்கள். ஐரோப்பாவிலே கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பு தரும் அமைப்பு, உள்ளே குழந்தை இருப்பதை உணரும் கருவிக்கு 2023 முதல் மதிப்பெண் தருகிறது.

கத்தாரிலே 2022 செப்டம்பரில் பள்ளி பஸ்ஸுக்குள் தூங்கிப்போய் இறந்த நான்கு வயதுச் சிறுமி கேரளத்துக் குடும்பத்துப் பிள்ளை. அங்குள்ள அரசு அந்த மழலையர் பள்ளியையே மூடியது. வளைகுடா நாடுகளிலே வண்டி ஓட்டும் நம்மவர் எத்தனை பேர்! அவர்களுக்கும் இந்தப் பாடம் உரியது.

அமெரிக்காவின் கதையிலே இன்னொரு பாடமும் உண்டு. 2019 செப்டம்பரில் ஹூண்டாய் உள்ளிட்ட இருபது கார் நிறுவனங்கள் ஒன்றுகூடி, 2025ஆம் ஆண்டு மாடலுக்குள் அங்கு விற்கும் கார்களிலே பின் இருக்கையை நினைவூட்டும் வசதி வைப்போம் என்று வாக்களித்தன. வாக்குறுதி போதாது, விதி வேண்டும் என்று அந்நாட்டு மக்கள்மன்றம் 2021 நவம்பரில் சட்டம் இயற்றி, இரண்டாண்டுக்குள் விதி செய்யுமாறு போக்குவரத்துத் துறைக்குக் கட்டளையிட்டது. 2023 நவம்பர் வந்தது, விதி வரவில்லை. முதலாளிகளின் வாக்குறுதியையும் அதிகாரிகளின் கெடுவையும் நம்பிக் கைகட்டி இருக்கக்கூடாது என்பதை அந்த நாடே காட்டிவிட்டது.

இங்கே முடியாதா?

அது பணக்கார நாடு, இது ஏழை நாடு என்ற பாட்டு உடனே தொடங்கும். நாம் கேட்கிறோம்: இங்கே விதி செய்த வழக்கமே கிடையாதா?

வாடகைக் கார்களிலே சைல்டு லாக்கைப் பயன்படுத்திப் பெண்களை அடைத்துவைக்கும் கொடுமை எழுந்தது. மத்திய அரசு, 2019 ஜூலை முதல் வாடகைக் கார்களில் அந்த விசை இருக்கக்கூடாது என்று விதி செய்தது. ஓர் ஆணை போதுமானதாக இருந்தது.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள தாம்பரத்திலே 2012 ஜூலையில் பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் பிறந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்திலே பள்ளி வேனின் அடியில் சிக்கி ஏழு வயதுச் சிறுவன் மாண்டான். வண்டிக்குப் பின்னால் கேமராவும் உணர்கருவியும் வைக்கவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. பிணம் விழுந்த பிறகாவது விதி வந்தது. வண்டிக்கு அடியிலும் வண்டிக்குப் பின்னாலும் இருக்கும் குழந்தையை நினைத்த அரசு, வண்டிக்கு உள்ளே தூங்கிப்போன குழந்தையையும் நினைக்கட்டும். கொரியாவின் பொத்தான் ஒன்றும் தங்கத்திலே செய்ததல்ல.

காரிலும் அப்படியே. பின் கதவு திறந்து மூடப்பட்டதை நினைவில் வைத்து, வண்டியை நிறுத்தும்போது 'பின்னால் பார்' என்று எச்சரிப்பது ஒரு வகை. உள்ளே உயிர் அசைவதை உணர்ந்து ஹாரனை அலறவிடுவது இன்னொரு வகை. நம் நாட்டிலே விற்கும் ஒவ்வொரு காரிலும் இது இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலை உயர்ந்த காருக்கு ஒரு பாதுகாப்பு, மலிவான காருக்கு வேறு பாதுகாப்பு என்பது தகாது. குழந்தையின் உயிருக்கு மாடல் வேற்றுமை கிடையாது. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கதவு திறந்ததை மட்டும் நினைவில் வைக்கும் முதல் வகை, தாய் தந்தையின் மறதிக்கே மருந்து. நின்ற காரிலே தானாக ஏறிய பிள்ளையை அது காப்பாற்றாது. நம் ஊரிலே பார்க்கும் சாவுகளுக்கு இரண்டாவது வகையே பொருந்தும். சட்டம் கேட்கும்போது எதைக் கேட்கவேண்டும் என்பதிலே நாம் தெளிவாக இருக்கவேண்டும்.

காப்பகம் எங்கே?

கருவியோடு கதை முடிந்ததா? இல்லை. துவாரபூடியிலும் பணகுடியிலும் குழந்தைகள் காரிலே ஏறியது ஏன்? விளையாட ஏறினர். பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரத்திலே ஏறினர். இந்த இரண்டாவது காரணம்தான் நம் தொழிற்பேட்டைத் தெருக்களுக்கு நெருங்கிய காரணம்.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கத்துக் குடியிருப்புகளைப் பாருங்கள். ஒற்றை அறை வாடகை வீடுகள். தாய் ஒரு ஷிப்டு, தந்தை ஒரு ஷிப்டு. பாட்டி தாத்தா சொந்த ஊரிலே. வடமாநிலத் தொழிலாளிக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலே. வாசலிலே வாடகைக் கார்கள், ஆள் ஏற்றும் வேன்கள், ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய வண்டிகள். கோடையிலே பள்ளிக்கு விடுமுறை. ஷிப்டுக்கு விடுமுறை இல்லை. பகல் முழுவதும் பிள்ளை யார் கண்ணில்?

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர் உள்ள ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. பெண்களை மட்டும் எண்ணிய சட்டம் அது. பிள்ளை தாய்க்கு மட்டுமே சொந்தம் என்பதுபோல! 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்திலே காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்களில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் ஐம்பது என்ற கணக்கையே வைத்திருக்கிறது. இந்தத் தொகுப்புச் சட்டங்கள்மீது தொழிலாளருக்குள்ள குறைகள் பல. அவற்றை வேறொரு நாளிலே பேசுவோம். காகிதத்திலே தந்திருப்பதையாவது கையிலே வாங்க வேண்டாமா?

ஐம்பது என்று எண்ணும்போது நிரந்தரத் தொழிலாளியோடு கான்ட்ராக்ட் தொழிலாளியையும் பயிற்சித் தொழிலாளியையும் சேர்த்து எண்ணவேண்டும். கையெழுத்துப் பதிவேடு வேறானாலும் வயிற்றிலே பிறந்த பிள்ளை ஒன்றுதான். ஐம்பதுக்குக் குறைந்த சிறு பட்டறைகளுக்கு, பேட்டைக்கு ஒன்றாகச் சிப்காட்டே பொதுக் காப்பகம் நடத்தவேண்டும். அது ஷிப்டு நேரத்தோடு திறந்து ஷிப்டு நேரத்தோடு மூடவேண்டும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காக 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பெரிய காரியம், பாராட்டுகிறோம். ஆனால் கணவனோடும் கைக்குழந்தையோடும் வாடகை அறையிலே வாழும் தாய்க்கு அந்த விடுதி உதவாது. பத்தாயிரக்கணக்கான பெண்களுக்குப் படுக்கை போட முடிந்த அரசுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டுவது முடியாத காரியமா?

நாம் செய்யவேண்டியது

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பவர்கள் அல்ல நம் தோழர்கள். கிளைக்குக் கிளை, தெருவுக்குத் தெரு, இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

முதலாவது, பூட்டு. வீட்டு வாசலிலே நிற்கும் வண்டி, அரைமணி நேரமானாலும் பூட்டி இருக்கவேண்டும். சாவி பிள்ளை கைக்கு எட்டாத இடத்திலே இருக்கவேண்டும். தெருவிலே பாழாய்க் கிடக்கும் பழைய கார்களின் கதவைப் பூட்டச் செய்யுங்கள். அல்லது ஊராட்சியிலே சொல்லி அப்புறப்படுத்தச் செய்யுங்கள். பூட்டுவதற்கு முன் பின் இருக்கையையும் டிக்கியையும் ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாகட்டும்.

இரண்டாவது, தேடும் முறை. பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் கிணற்றையும் குட்டையையும் பார்ப்பது நம் வழக்கம். அதே நிமிடத்திலே இன்னோர் ஆள் தெருவிலுள்ள ஒவ்வொரு காருக்குள்ளும், டிக்கிக்குள்ளும் பார்க்கட்டும். வெயில் நேரத்திலே அரைமணி தாமதம் உயிரைக் குடிக்கும்.

மூன்றாவது, பிள்ளைக்குப் பாடம். 'காருக்குள் மாட்டிக்கொண்டால் அழுதுகொண்டு உட்காராதே. முன் இருக்கைக்குத் தாவு. அந்தக் கதவைத் திற. திறக்காவிட்டால் ஹாரனை விடாமல் அழுத்து' என்று செய்து காட்டுங்கள். பல கார்களிலே சாவி இல்லாமலே ஹாரன் ஒலிக்கும். கார் ஆலைத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய காரிலே குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால், நூறு துண்டறிக்கைக்குச் சமம்.

நான்காவது, குழந்தையைக் காரிலோ வேனிலோ ஏற்றிச் செல்பவருக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டுப் பையையோ, கம்பெனி அடையாள அட்டையையோ, கைப்பேசியையோ பின் இருக்கையிலே குழந்தைக்குப் பக்கத்திலே வையுங்கள். அது இல்லாமல் ஆலைக்குள் போக முடியாதல்லவா? எடுக்கத் திரும்பும்போது குழந்தை கண்ணிலே படும். குழந்தை வரவில்லை என்றால் காப்பகத்திலிருந்தும் அங்கன்வாடியிலிருந்தும் பத்து நிமிடத்துக்குள் பெற்றோருக்குப் போன் வரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்யுங்கள். பள்ளி வேன் ஓட்டும் தோழர்கள் சட்டம் வரும் வரை காத்திராமல், ஒவ்வொரு நடையின் முடிவிலும் கடைசி இருக்கை வரை நடந்து பார்க்கட்டும்.

ஐந்தாவது, கண்டால் செய்யவேண்டியது. பூட்டிய காருக்குள் தனியே குழந்தை தெரிந்தால் உரிமையாளர் வரட்டும் என்று நிற்காதீர்கள். கதவு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காமல் குழந்தை துவண்டிருந்தால், குழந்தைக்குத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையிலே கெட்டியான பொருளால் ஓங்கி அடியுங்கள். முன் கண்ணாடியை அடிப்பது வீண்; அது எளிதிலே விலகாது என்பது கண்ணாடி பொருத்தும் தோழருக்குத் தெரியும். வெளியே எடுத்த குழந்தையை நிழலிலே கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயிலே தண்ணீர் ஊற்றாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். கண்ணாடியின் விலைக்கு அஞ்சி ஒரு நிமிடமும் இழக்கவேண்டாம்.

இவை நம் கையால் ஆவன. சட்டத்தால் ஆகவேண்டியவற்றையும் மறவாமல் கேட்போம். நாட்டில் விற்கும் ஒவ்வொரு காரிலும், உள்ளே உயிர் இருப்பதை உணர்ந்து அலறும் கருவி கட்டாயமாக வேண்டும். டிக்கியை உள்ளிருந்து திறக்கும் பிடி வேண்டும். ஒவ்வொரு பள்ளி வண்டியிலும் கடைசி இருக்கைப் பொத்தான் வேண்டும். தொழிற்பேட்டை தோறும் ஷிப்டுக் காப்பகம் வேண்டும். வாகனத்துக்குள் வெப்பத்தால் இறக்கும் குழந்தைகளுக்கு அரசு தனிக் கணக்கு வைக்கவேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் ஏற்பாட்டிலே நின்ற காருக்குள் சாகும் குழந்தையும் சேரட்டும். எண்ணப்படாத சாவுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்வதில்லை.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கோரிக்கைப் பட்டியலிலே ஊதியத்துக்கும் நிரந்தரத்துக்கும் பக்கத்திலே காப்பகம் என்ற ஒரு வரியையும் எழுதுங்கள். ஒரு காரின் கதவைப் பொருத்தும்போது எத்தனை சோதனை! கீறல் உண்டா, ஒலி உண்டா, மழைநீர் ஒழுகுமா என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிறீர்கள். 'உள்ளே சிக்கிய குழந்தை இதைத் திறக்குமா?' என்ற ஒரு கேள்வியையும் அந்தச் சோதனையிலே சேர்க்கச் சொல்லும் உரிமை, அதைச் செய்யும் கைகளுக்கு இருக்கிறது. கேட்போம். அடுத்த கத்திரி வெயில் வருவதற்குள் கேட்போம்.